கூடிப் பயிரிடுவோம், கூடிக் கற்போம்

(யூபிலி விழாவையொட்டி விஸ்வநத்தத்தில் நடந்த பங்கு மக்கள் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



யூபிலி என்றதும் நம் நினைவுக்கு வருவன கொடியேற்றம், தேர்ப்பவனி, அசனம், மலர் வெளியீடு. ஆனால் பழைய ஏற்பாட்டில் லேவியர் ஆகமத்தின் இருபத்தைந்தாம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். ஐம்பதாம் ஆண்டின் யூபிலி அங்கே பெரும்பாலும் நிலத்தைப் பற்றிய சட்டமாகவே இருக்கிறது. கைமாறிய நிலம் பழைய குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும். உழுது களைத்த மண்ணுக்கு ஓய்வு வேண்டும். ஆகவே நமது யூபிலியிலும் மண்ணைப் பற்றிச் சற்று நேரம் பேசுவது பொருத்தமே என்று கருதுகிறேன்.

"விஸ்வநத்தத்தில் மண்ணைப் பற்றி என்ன பேச்சு, சாமி? இங்கே மருந்தும் காகிதமும்தானே பிழைப்பு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மழையை நம்பிய பூமி இது. நமது விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 800 மில்லிமீட்டர் மழைதான். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். 1923-இல் சிவகாசியில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கிய பிறகு, வானம் பார்த்து வாழ்ந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஆலைப் பக்கம் திரும்பின. தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்ற மூன்று தொழில்களும் நமக்குச் சோறு போட்டன. அதை யாரும் மறுப்பதற்கில்லை.

ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். தீபாவளி முடிந்ததும் பட்டாசு ஆலைகள் சில வாரங்கள் அடைத்துக் கிடக்கும். அடைமழை பெய்தால் மருந்து காயாது, வேலை குறையும், கூலியும் குறையும். நம் வீடுகளில் கை சும்மா இருக்கும் காலம் இதுவே. அதே வாரங்களில்தான் மண் நனைந்து பதமாகி, நடவுக்குக் காத்திருக்கிறது. ஆலையின் நாட்காட்டியும் மண்ணின் நாட்காட்டியும் இவ்வளவு பொருத்தமாக அமைந்த ஊர் அபூர்வம். இந்தப் பொருத்தத்தை நாம் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதே இன்று நான் சொல்ல வந்த செய்தி.

2018 அக்டோபர் 23-ஆம் நாள் பட்டாசு பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்பு அளித்த பிறகு, ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கடையில் அரிசி கடனாகக் கிடைக்கும். காய்கறி கடனாகக் கிடைக்காது. கூலி நின்ற வீட்டில் முதலில் குறைவது தட்டில் இருக்கும் காயும் கீரையுமே. அதிலும் முதலில் குறைவது தாய்மாரின் தட்டில். தேசியக் குடும்ப நல ஆய்வு, அதாவது 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது ஆய்வு, தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேர் இரத்தசோகை உடையவர்கள் என்று கூறுகிறது. இரண்டு பேரில் ஒருவர்! இந்தக் கூட்டத்தில் உங்களுக்கு இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அதன் பொருள் விளங்கும்.

தொழிலாளர் குடும்பத்துக்குத் தோட்டம் என்பது புதிய எண்ணம் அன்று. பிரான்சு நாட்டில் செயிந்த் எத்தியேன் என்பது சுரங்கத் தொழில் நகரம். அங்கே 1894-இல், வேலையிழந்த சுரங்கத் தொழிலாளர் கஷ்டப்பட்டபோது, பெலிக்ஸ் வோல்பெத் என்ற இயேசு சபைக் குரு நிலம் பிடித்து, அதைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, குடும்பத்துக்கு ஒன்றாகக் கொடுத்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1896-இல், குருவும் பாராளுமன்ற உறுப்பினருமான ஜூல் லெமீர் இதை நாடு தழுவிய சங்கமாக்கினார். அந்த வழியில் வந்த தொழிலாளர் தோட்டங்கள் பிரான்சில் இன்றும் உள்ளன. கையில் பணம் கொடுத்திருந்தால் அது ஒரு வாரத்தில் தீர்ந்திருக்கும். மண்ணைக் கொடுத்ததனால் நூறு ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? நமக்கு அருகிலுள்ள கோவில்பட்டிக்கு வருவோம். அங்குள்ள விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் 1960-களின் தொடக்கத்தில் ஓர் இளம் விஞ்ஞானி வேலை பார்த்தார். விலை கொடுத்து வாங்கும் வித்தும் உரமும் மானாவாரி விவசாயிக்குக் கட்டுப்படியாகாது என்று கண்டு, அரசாங்க வேலையை விட்டு விலகினார். அவர்தான் பிற்காலத்தில் தமிழகம் முழுதும் அறிந்த கோ. நம்மாழ்வார். 1958-இல் நோபல் சமாதானப் பரிசு பெற்ற பெல்ஜியக் குரு தொமினிக் பீர் அவர்களின் முயற்சியில், திருநெல்வேலிச் சீமையின் களக்காட்டில் 1969-இல் 'அமைதித் தீவு' என்ற கிராமப் பணி தொடங்கியது. நம்மாழ்வார் அங்கே பத்தாண்டுகள் உழைத்தார். பின்னர் ஊர் ஊராக நடந்து இயற்கை வேளாண்மையைச் சொல்லிக் கொடுத்தார். கரூர் மாவட்டம் கடவூர்ப் பக்கம் 'வானகம்' என்ற பயிற்சிப் பண்ணையை உருவாக்கினார். 2013 டிசம்பர் 30-இல் அவர் மறைந்தார். கற்றவர் மக்களிடம் போய் உட்கார்ந்து, அவர்களிடமே கற்று, மீண்டும் அவர்களுக்கே சொல்வது என்பதே அவருடைய பள்ளிக்கூடம்.

அவருடைய வழியில் வந்தவர் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தைச் சேர்ந்த நெல் ஜெயராமன். மறைந்துபோன பாரம்பரிய நெல் வகைகளில் நூற்று எழுபதுக்கு மேல் தேடிச் சேர்த்தவர். 2018 டிசம்பரில் காலமானார். அவர் நடத்திய நெல் திருவிழாவின் ஒழுங்கு மிக எளிது. வருகிற விவசாயிக்கு இரண்டு கிலோ விதைநெல் இலவசம். அடுத்த ஆண்டு அவர் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். கொடுத்தது தர்மமாகவும் போகவில்லை, கடனாகவும் போகவில்லை, விதையாகவே பெருகியது. இந்த ஒழுங்கை நம் பங்கிலும் காய்கறி விதைக்குப் பின்பற்றலாம் என்பது என் விருப்பம். ஒரு கைப்பிடி வாங்கினால் இரண்டு கைப்பிடி திருப்பித் தருவது.

ஆகவே ஆண்டுக்கு ஐந்து நாள்களை, ஞாயிறு பூசைக்குப் பிறகு இரண்டு மணி நேரம், தோட்டத்துக்காக ஒதுக்கும்படி கேட்கிறேன்.

முதலாவது, ஆடியில் விதை நாள். 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்பது நம் முன்னோர் வாக்கு. அவரை, புடல், பீர்க்கு, சுரை, வெண்டை, சீனியவரை விதைகளை வீட்டுக்கு வீடு மாற்றிக்கொள்வோம். கடைப் பொட்டலத்தில் வரும் ஒட்டு விதையிலிருந்து எடுத்த விதை மறுமுறை தாயைப் போல் காய்க்காது. நாட்டு விதையே கைமாறத் தகுந்தது. எந்தக் காயை விதைக்கு விடுவது, கத்தரியை மஞ்சளாகப் பழுக்கவிட்டு எப்படி விதை எடுப்பது, சாம்பல் கலந்து எப்படிப் பத்திரப்படுத்துவது என்பவற்றை நம் பாட்டிமார் அறிவார்கள். அன்றைக்கு ஆசிரியர்கள் அவர்களே.

இரண்டாவது, புரட்டாசியில் மண் நாள். நமது கரிசல் மண் வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். மழையில் களியாகி வேரை மூச்சுத் திணற வைக்கும். மட்கிய சாண எருவும் கொஞ்சம் மணலும் செம்மண்ணும் கலந்து, பாத்தியை ஒரு முழம் உயர்த்திக் கட்டினால் தண்ணீர் வடியும். கத்தரி, மிளகாய், தக்காளிக்கு நாற்றுப் பாவுவதும் அப்போதே.

மூன்றாவது, தீபாவளிக்கு அடுத்து வரும் ஞாயிறு, நடவு நாள். ஆலை ஓய்ந்திருக்கும், குடும்பத்தோடு வரலாம். பலத்த மழை சற்று ஓய்ந்த பிறகு கீரை விதைத்தால் மூன்று நான்கு வாரத்தில் அறுக்கலாம். வெண்டை ஒன்றரை மாதத்தில் காய்க்கும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி உண்டாக்கிய பி.கே.எம்.1 செடிமுருங்கை ஆறு மாதத்தில் காய் தரத் தொடங்கும். முருங்கைக் கீரையோடு எலுமிச்சம் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் அதிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் நன்றாக ஒட்டும் என்பதையும் தாய்மார்கள் நினைவில் வையுங்கள்.

நான்காவது, தைப் பொங்கலையொட்டி அறுவடை நாள். விளைந்ததைக் கொண்டுவந்து சேர்ந்து சமைத்து உண்போம். எந்தப் பாத்தி ஏன் செழித்தது, எது ஏன் பட்டுப்போனது என்று பேசுவோம். பூச்சி வந்தால், 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைத்து மாலையில் தெளிப்பது எப்படி என்று கண்ணாரக் காட்டுவோம்.

ஐந்தாவது, பங்குனி கடைசியில் தண்ணீர் நாள். 500 சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஏறக்குறைய 465 லிட்டர் தண்ணீர் கணக்காகும். அதில் பெரும்பகுதியை நாம் தெருவில் ஓடவிடுகிறோம். தொட்டியில் சேர்த்து, கொசு புகாதபடி மூடிவைத்தால், மழைக்குப் பிந்திய வாரங்களைத் தாண்டலாம். கோடைக்குப் பாத்தி மேல் சருகு போர்த்துவதும், குளிக்கிற தண்ணீரை வாழைக்குத் திருப்புவதும் அன்றைய பாடம்.

இப்போது ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. ஆலையிலிருந்து எந்த மருந்தையும் உரமென்று வீட்டுக்குக் கொண்டுவரலாகாது. வெடியுப்பு செடிக்குச் சத்து என்று சிலர் சொல்வது பாதி உண்மை. மீதிப் பாதி உயிரைக் குடிக்கும். வெடியுப்பு தீயை வளர்க்கும் பொருள். வீட்டில் வைக்கத் தகாதது. பச்சை ஒளிக்கென்று பயன்பட்டு, உச்ச நீதிமன்றத்தால் தடை செய்யப்பட்ட பேரியம் உப்பும் பார்வைக்கு வெள்ளை உப்புத்தான், அது நஞ்சு. மருந்து வந்த டிரம்மில் தண்ணீர் பிடிக்காதீர்கள்; மருந்துச் சாக்கில் மண் நிரப்பாதீர்கள்; வேலைத் துணி அலசிய தண்ணீரைக் கீரைக்கு விடாதீர்கள். அச்சகங்களில் விழும் மை படாத வெட்டுக் காகிதத்தை மட்டும் எருக்குழியில் சாணத்தோடு சேர்க்கலாம். மாடியில் செடி வைப்போர், ஒரு கன அடி ஈரமண் நாற்பது கிலோவுக்கு மேல் கனக்கும் என்பதை எண்ணி, கட்டடம் தெரிந்தவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

நமக்குத் தெரியாததைக் கேட்க ஆள் இல்லாமலில்லை. 1974-இல் புதுச்சேரியில் தொடங்கி நாடெங்கும் பரவிய வேளாண் அறிவியல் நிலையங்களில் நம் மாவட்டத்துக்குரியது அருப்புக்கோட்டையில் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பருத்தி ஆராய்ச்சி நிலையம் உண்டு. தோட்டக்கலைத் துறை அலுவலர்களை அழைத்தால் வந்து பேசுவார்கள். 1800-180-1551 என்ற இலவச உழவர் அழைப்பு எண்ணில் தமிழிலேயே சந்தேகம் கேட்கலாம். இளைஞர் மன்றத்தினர் இருவர் மூவராகப் பயிற்சிக்குச் சென்று, கற்றதை அடுத்த கூட்டத்தில் சொல்லித் தருவதைத் தங்கள் யூபிலிக் காணிக்கையாக ஏற்றுக்கொள்ளட்டும்.

கடைசியாக, நிலம் பற்றி. வீட்டைச் சுற்றி இடமுள்ளவர்கள் சிலர்தான். லைன் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் பலர். ஆலயத்துக்குப் பின்புறம் சும்மா கிடக்கும் இடத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரிக்க எண்ணியிருக்கிறேன். அந்தப் பாத்திகள் இடமில்லாத குடும்பங்களுக்கே. அவர்களிலும் விதவைகளுக்கும் தீ விபத்தில் உழைப்பவரை இழந்த வீடுகளுக்கும் முதலிடம். எந்தச் சமயத்தைச் சேர்ந்தவரானாலும், எந்தத் தெருவைச் சேர்ந்தவரானாலும் கேட்கலாம். பாத்தி பெற்றவர் ஐந்து நாள்களுக்கும் தவறாமல் வர வேண்டும். பக்கத்துப் பாத்திக்காரர் நோயில் படுத்தால் அவருடைய செடிக்கும் தண்ணீர் விட வேண்டும். விதையை இரட்டிப்பாகத் திருப்ப வேண்டும். இந்த மூன்றே நிபந்தனைகள். வாடகை இல்லை.

கற்பாறையிலும் முட்செடியிலும் விழுந்த விதைகளின் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். நல்ல நிலம் தானாக அமைந்ததென்று அதில் எங்கும் சொல்லப்படவில்லை. யாரோ கல் பொறுக்கியிருப்பார்கள். யாரோ முள் வெட்டியிருப்பார்கள். அந்த வேலைதான் இப்போது நம் முன் இருக்கிறது. பாத்தி வேண்டும் குடும்பங்கள் கோயில்பிள்ளையிடம் பெயர் கொடுங்கள். வீட்டில் ஏதேனும் நாட்டு விதை வைத்திருப்பவர்கள், ஆடி வரும்போது ஒரு கைப்பிடி எடுத்து வாருங்கள்.

இறைவன் உங்கள் கைகளின் உழைப்பை ஆசீர்வதிப்பாராக.