வீடு பார்க்கப் போன வகுப்பு

(நெய்வேலியில் நடந்த ஆசிரியர் கூட்டம் ஒன்றில், அரசு உயர்நிலைப் பள்ளிச் சமூக அறிவியல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



‘வகுப்பறைக்கு வெளியே கற்றல்’ என்ற தலைப்பில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் அஞ்சலகம், வங்கி, காவல் நிலையம் எல்லாம் பலமுறை கேட்டாயிற்று. நான் இன்று வீடுகளைப் பற்றிப் பேசுகிறேன். கூடவே கொஞ்சம் இசையையும் பற்றி.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை ஒட்டி பாசடினா என்று ஓர் ஊர். அங்கே 1965 முதல் ஒரு வழக்கம் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் பழைய பெரிய வீடு ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். உள் அலங்காரம் செய்பவர்கள் ஆளுக்கு ஓர் அறையை எடுத்துக்கொண்டு அழகுபடுத்துவார்கள். பிறகு சில வாரங்கள் பொதுமக்கள் டிக்கெட் வாங்கி வீட்டைச் சுற்றிப் பார்ப்பார்கள். அந்தப் பணம் இசைக்குப் போகிறது. உள்ளூர் இசைக்குழுவுக்கும், பள்ளிகளின் இசைக் கல்விக்கும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கே வாத்தியங்களை எடுத்துப் போய், தொட்டும் ஊதியும் பார்க்க விடும் திட்டமும் அதில் உண்டு. இங்கிலாந்தில் இதற்கு முன்பே, 1927இல், சொந்தத் தோட்டங்களைத் திறந்துவிட்டுத் தலைக்கு ஒரு ஷில்லிங் வாங்கி, வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் செவிலியருக்குக் கொடுத்தார்கள். இன்றும் அது நடக்கிறது.

இதை ஆசிரியர் அறையில் சொன்னபோது சக ஆசிரியர் ஒருவர் கேட்டார்: “அடுத்தவங்க வீட்டை டிக்கெட் வாங்கிப் பார்க்கிறதா? நம்ம ஊர்ல நடக்குமா டீச்சர்?”

நடந்திருக்கிறது, டிக்கெட் இல்லாமல். சென்னை ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் வெள்ளிக்கிழமை மாலைகளில் தம் வீட்டில் வாசிப்பார். பெரிய பெரிய வித்வான்களெல்லாம் அந்தச் சிறிய வீட்டுக்கு வந்து, சத்தம் காட்டாமல் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். அவர் மறைந்தது 1938இல். நடனமணி பாலசரஸ்வதி அந்த வீட்டுப் பேத்திதான். பெங்களூர் நாகரத்தினம்மாள், திருவையாற்றில் தியாகராசர் சமாதியைச் சுற்றியிருந்த நிலத்தை வாங்கி, தம் நகைகளையும் சேமிப்பையும் போட்டுக் கோயில் எழுப்பினார். கடைசியில் தம் சொத்தையும் அதற்கே எழுதிவைத்தார். தை மாதம் தொலைக்காட்சியில் ஆராதனை பார்க்கும்போது பிள்ளைகளுக்கு இந்த அம்மையாரின் பெயரையும் சொல்லுங்கள்.

நமக்கு இன்னும் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்கப் போகிறவர்கள் பர்மா தேக்குத் தூணையும், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெழுகிய சுவரையும், கண்ணாடிமேல் வார்த்தெடுக்கும் ஆத்தங்குடிக் கல்லையும் படம்பிடித்துக்கொண்டு வருகிறார்கள். சில வீடுகளில் நுழைவுக் கட்டணமும் உண்டு. 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் செட்டிநாட்டு ஊர்கள் ஏறிவிட்டன. ஆனால் கானாடுகாத்தானில் பிறந்த அண்ணாமலை செட்டியார்தான் சிதம்பரத்தில் 1929இல் இசைக் கல்லூரி தொடங்கினார். 1941இல் தமிழிசை மாநாடு அண்ணாமலை நகரில்தான் நடந்தது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் உருவாயிற்று. கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் கேட்ட இயக்கம் அது. பேருந்து ஏறினால் மாலைக்குள் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் நடந்த வரலாறு. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, நெய்வேலிக்கு வருகிறேன்.

‘சிறப்பான வீடு’ என்று தேடினால் நம் டவுன்ஷிப்பில் என்ன கிடைக்கும்? பிளாக் பிளாக்காக, வகை வகையாக, ஒரே அச்சில் வார்த்த குவார்ட்டர்ஸ். 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். அதன் பிறகு கட்டிய ஊர் இது. பணி ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதனால் இங்கே வளரும் பிள்ளைக்குத் ‘தாத்தா கட்டிய வீடு’ என்று ஒன்று இந்த ஊரில் இருக்காது. சுற்றுக் கிராமப் பிள்ளைகளிலோ, நிலம் சுரங்கத்துக்குப் போய் வேறிடம் பெயர்ந்த குடும்பத்தார் பலர். அவர்களுக்கும் பழைய வீடு என்றால் பாட்டி சொல்லும் பேச்சுதான். எட்டாம் வகுப்பில் ‘முற்றம்’ என்ற சொல்லுக்கு ஒரு மாணவி ‘மொட்டை மாடி’ என்று எழுதியிருந்தாள். அவள்மேல் குற்றமில்லை, அவள் முற்றத்தைப் பார்த்ததே இல்லை.

இசையின் நிலையும் உங்களுக்குத் தெரியும். 2012இல் தமிழகம் முழுவதும் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் வந்தார்கள். வாரத்துக்கு மூன்று அரைநாள். அதில் இசை கிடைத்த பள்ளிகள் பாக்கியம் செய்தவை. எங்கள் பள்ளியில் இசை ஆசிரியர் இல்லை. கலைத் திருவிழா வந்தால் கைப்பேசியைப் பார்த்துப் பிள்ளைகளே பழகிக்கொள்வார்கள். இத்தனைக்கும் பங்குனி உத்திரத்துக்கு வில்லுடையான்பட்டு முருகன் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். காவடிக்கு முன்னால் பம்பையும் மேளமும் வாசிப்பவர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் வீட்டிலிருந்துதான்.

ஆகவே பாசடினாவை எங்கள் அளவுக்குச் சுருக்கினோம். மூன்று வீடு, ஒரு சனிக்கிழமை. பிள்ளைகளிடம் காசு வாங்கக்கூடாது என்று முதலிலேயே முடிவு. பார்க்க வரும் பெரியவர்களுக்கு மட்டும் 20 ரூபாய். அதையும் ஆசிரியர் கையால் தொடவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம், குழுவின் ரசீது, குழுவின் கணக்கு. உள்ளூர் நாயனக்காரர் ஒருவரை வைத்துச் சனிக்கிழமை வகுப்பு நடத்த அந்தப் பணம் என்று தீர்மானத்திலேயே எழுதிவிட்டோம். இப்படிச் செய்ய நினைப்பவர்கள் இந்தப் பகுதியில் அவசரப்படாதீர்கள். நல்ல வேலைகள் பல கணக்கில்தான் கெட்டுப்போகின்றன.

வீடு தேடுவது அதைவிடக் கடினம். ஒரு கிராமத்தில் பெரிய ஓட்டு வீடு, பார்க்கவே கண் நிறைந்தது. வீட்டுப் பெரியவர் நல்ல மனிதர். எல்லாருக்கும் மோர் கொடுக்கிறேன் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “எந்தெந்தத் தெருப் பிள்ளைங்க வராங்க?” என்று கேட்டார். அந்தக் கேள்வியின் பொருளை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. “எங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வராங்கய்யா” என்றேன். யோசித்துச் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார். சொல்லி அனுப்பவில்லை. அந்த வீட்டை விட்டுவிட்டோம். அடுத்த கடிதத்தில் ஒரு வரியைச் சேர்த்தோம்: ‘வீட்டுக்குள் எதுவரை அனுமதிக்கிறீர்களோ, அதுவரை எல்லாப் பிள்ளைகளையும் அனுமதிக்க வேண்டுகிறோம்.’ திண்ணையோடு நிறுத்தினால் எல்லாரும் திண்ணையோடு. பிள்ளைகளைப் பிரித்து நிறுத்துவதற்கு மட்டும் இடமில்லை. அந்த வரியைப் படித்துவிட்டும் வேறொரு ஊரில் ஒரு பெரியவர் சம்மதித்தார். “கூடம் வரைக்கும் வரட்டும், அடுப்படியையும் பார்க்கட்டும்” என்றார். நூறு வருடத்துக்கு மேற்பட்ட நாட்டு ஓட்டு வீடு.

முதல் வீடு ஒரு குவார்ட்டர்ஸ். பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். வீட்டைச் சுற்றியிருந்த இடத்தில் பலா, முந்திரி, முருங்கை என்று முப்பது ஆண்டாக வளர்த்த தோட்டம். அதே அச்சு வீடு, ஆனால் அடுத்த வீட்டைப் போல இல்லை. அந்த ஆண்டே ஓய்வு பெறவிருந்த வீட்டுக்காரர், எந்த மரம் எந்தப் பிள்ளை பிறந்தபோது நட்டது என்று சொல்லிக்கொண்டே வந்தார். தவில் கட்டை பலா மரத்தில்தான் கடைவார்கள் என்று அங்கேயே சொன்னேன். பண்ருட்டிப் பலாவைத் தின்றே வளர்ந்த பிள்ளைகளுக்கு அது புதுச் செய்தி.

இரண்டாவது வீடு, வகுப்பெடுக்க நாங்கள் கேட்டிருந்த நாயனக்காரருடையது. ஒன்றரை அறை. இங்கே ஒரு சிக்கல் இருந்தது. அவருடைய பேரன் எங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவன். பள்ளிப் படிவத்தில் குடும்பத் தொழில் ‘கூலி’ என்றுதான் எழுதியிருந்தான். முதலில் அவனிடம்தான் தனியாகக் கேட்டேன். “வேணாம் மிஸ்” என்றான். ஏன் என்று நான் கேட்கவில்லை. வாசிக்கப் போகும் இடங்களில் தாத்தாவை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று அவன் கேட்டு வளர்ந்தவன். நான்கு நாள் கழித்து அவனே வந்து, “போங்க மிஸ், ஆனா நான் அவர் பேரன்னு சொல்லாதீங்க” என்றான். ஒப்புக்கொண்டேன். தாத்தாவிடமும் சொன்னேன். சிரித்துக்கொண்டு தலையாட்டினார்.

அன்று அவனும் மற்றப் பிள்ளைகளோடு பார்வையாளனாக நின்றான். பெரியவர் பரணிலிருந்து நாயனத்தை இறக்கி, உறையைக் கழற்றி, உலவு எது, அணசு எது, சீவாளி எது என்று காட்டினார். ஏழு துளைக்குத்தான் விரல் என்றார். நல்ல நாயனத்துக்கு ஆச்சா மரம் வேண்டும், அதுவும் பச்சை மரம் ஆகாது, பல காலம் காய்ந்திருக்க வேண்டும் என்றார். கும்பகோணம் பக்கம் நரசிங்கம்பேட்டையில் நாயனம் செய்கிறவர்கள், இடித்த பழைய வீடுகளின் உத்திரத்தையும் தூணையும் தேடி வாங்கித்தான் கடைகிறார்கள். 2022இல் அந்த ஊர் நாதசுவரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்குப் பாரி நாயனம் செய்து கொடுத்ததும் அந்த ஊர் ஆசாரி ரங்கநாதன்தான்.

பிறகு வாசிக்க எடுத்தார். ஒரு மாணவி சுருதிப் பெட்டியைப் போட்டாள். சுருதி சேரவில்லை. அவள் திருகத் திருக இன்னும் விலகிப் போனது. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் சீவாளியை வாயில் வைத்தபடி காத்திருந்தார். கூட்டத்திலிருந்து பேரன் வந்தான். பெட்டியை வாங்கி ஒரே திருப்பில் சுருதியைச் சேர்த்துவிட்டு நகர்ந்தான். “உனக்கு எப்படிடா தெரியும்?” என்றாள் அவள். “எங்க தாத்தாதானே” என்றான். அவ்வளவுதான். வேறு யாரும் ஒன்றும் கேட்கவில்லை, நாயனம் தொடங்கிவிட்டது.

மூன்றாவது அந்த ஓட்டு வீடு. திண்ணை, நடை, தாழ்வாரம், முற்றம், கூடம், பரண், மாடக்குழி, கைமரம், வரிச்சு என்று பிள்ளைகள் அங்கே சேர்த்த சொற்கள் 41. கணக்கு ஆசிரியர் முற்றத்தை அளக்கச் சொல்லித் தரைப்படம் வரைய வைத்தார். கூடத்தில் ஜமக்காளம் விரித்து நாயனக்காரரை உட்காரச் சொன்னார் வீட்டுக்காரர். “இந்த வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் வாசிச்சிருக்கேன், பந்தல்ல. உள்ளே இன்னிக்குத்தான்” என்றார் இவர், யாரையும் குறைசொல்லும் தொனியில்லாமல். வீட்டுக்காரர் பதில் சொல்லவில்லை. சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தார். வாசித்து முடித்து எழுந்தவர், மேலே பார்த்துத் தடியால் உத்திரத்தைத் தட்டினார். இரண்டு இடத்தில் தட்டிக் கேட்டுவிட்டு, “ஆச்சா” என்றார்.

வசூல் 6,240 ரூபாய். பெரிய தொகை இல்லை. வகுப்பில் இப்போது ஆறு பேர். இருவர் பெண் பிள்ளைகள். மூன்று மாதமாகச் சீவாளியில் ஊதிப் பழகுகிறார்கள், அந்தச் சத்தத்தைப் பற்றிப் பக்கத்து வகுப்பு ஆசிரியர்களிடம் கேளுங்கள்! பேரன் இன்னும் சேரவில்லை. சனிக்கிழமைகளில் தாத்தாவைச் சைக்கிளில் கொண்டுவந்து விட்டுவிட்டு, சுருதிப் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான்.

போன வாரம் ஓட்டு வீட்டுப் பெரியவர் தொலைபேசியில் பேசினார். தை பிறந்ததும் வீட்டை இடிக்கிறார்களாம். மகன் மாடி வீடு கட்டப்போகிறார். “எல்லாத்தையும் மரக்கடைக்காரன் விலை பேசிட்டான் டீச்சர். அந்த உத்திரத்தை மட்டும் கொடுக்கல. நரசிங்கம்பேட்டைக்கு எப்படிக் கொண்டுபோறதுன்னு உங்க வித்வானைக் கேட்டுச் சொல்லுங்க” என்றார். கேட்டேன். முழு உத்திரமாக ஏற்றக்கூடாது, அறுத்துத்தான் கொண்டுபோக வேண்டும், எந்த இடத்தில் அறுப்பது என்று தானே வந்து பார்க்கிறேன் என்றிருக்கிறார். குட்டியானை வண்டிக்கு வாடகை விசாரித்துக்கொண்டிருக்கிறோம். அந்தப் பக்கம் போகும் வண்டி உங்களில் யாருக்காவது தெரிந்திருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள்.