40 பேர் இடத்துக்கு 69 பேர்



எங்க குழு 'தறி பார்க்க வாங்க'ன்னு ஒரு நிகழ்ச்சி நடத்தினது உங்களில் பல பேருக்குத் தெரியும். அதுல நடந்த குளறுபடியும் தெரிஞ்சிருக்கும். அது என் கையால நடந்தது. அதனால நானே சொல்லிடறேன்னு தலைவி அக்காகிட்ட கேட்டு வாங்கிட்டு வந்திருக்கேன்.

வெளியூர்க்காரங்களுக்குக் குழித்தறியில கோர்வை எப்படிப் போடறாங்கன்னு காட்டறது, அப்புறம் குடலை இட்லியோட ஒரு சாப்பாடு. இதுதான் நிகழ்ச்சி. தறி இருக்கிற கூடத்தில் 40 பேர்தான் நிக்கலாம். டிக்கெட் மூணு விலை வெச்சோம். தறி மட்டும் பார்க்க 150 ரூபாய், சாப்பாட்டோட 350, நாலு பேர் குடும்பத்துக்கு 1,200. டிக்கெட் விற்கிற இணையதளம் ஒண்ணுல நான்தான் போன்ல பதிஞ்சேன். ஒவ்வொரு விலைக்குப் பக்கத்துலயும் 'எத்தனை டிக்கெட்?'னு ஒரு கட்டம் இருந்தது. கூடம் 40 பேருக்குத்தானேன்னு மூணு கட்டத்துலயும் 40, 40, 40னு போட்டேன்.

அங்கேதான் தப்பு. அந்த இணையதளத்துக்கு நம்ம கூடம் தெரியுமா? மூணையும் மூணு தனி நிகழ்ச்சி மாதிரி வித்துது. 150 ரூபாய் டிக்கெட் 31, சாப்பாட்டு டிக்கெட் 22, குடும்ப டிக்கெட் 4. எந்தக் கட்டமும் 40ஐத் தாண்டலை. 'இன்னும் இடம் இருக்கு'ன்னே காட்டிட்டு இருந்தது. நானும் நிம்மதியா இருந்தேன். குடும்ப டிக்கெட் 4ன்னா 16 ஆளுன்னு கூட எனக்குத் தோணலை. மொத்தம் 69 பேர்.

காலையில தெருவே நிறைஞ்சிடுச்சு. தறிக்கார அண்ணன் பாவம், ரெண்டு தடவை உட்கார்ந்து நெய்து காட்டினார். ரெண்டாவது ஆளுங்க ரெண்டு மணி நேரம் வெயில்ல நின்னாங்க. வயசான அம்மா ஒருத்தர் திண்ணையில உட்கார்ந்து, "காசு வாங்கும்போது எண்ணலையாம்மா?"ன்னு கேட்டாங்க. 11 பேர் பார்க்காமலே திரும்பினாங்க, அவங்களுக்கு 1,650 ரூபாய் திருப்பிக் கொடுத்தோம். வசூல் 17,150ல மீதி 15,500. பணம் போனது கூட பெரிசில்லை. அடுத்த கூட்டத்துல, காசுக்கு ஆசைப்பட்டு வேணும்னே அதிகமா வித்தேன்னு ஒரு பேச்சு வந்தது. ரெண்டு வாரம் நான் கூட்டத்துக்கே வரலை.

இது நமக்கு மட்டும் நடந்ததில்லை. 2023 செப்டம்பர் 10ம் தேதி சென்னை பனையூர் பக்கம் ஏ.ஆர்.ரஹ்மான் அவர்களின் 'மறக்குமா நெஞ்சம்' கச்சேரியில, ஆயிரக்கணக்குல கொடுத்து விலை வாரியா டிக்கெட் வாங்கினவங்களே உள்ள போக முடியாம திரும்பினாங்க. இடத்துக்கு மேல டிக்கெட் வித்ததா புகார் வந்து, பணம் திருப்பித் தரவேண்டி வந்தது. எத்தனை விலை வெச்சாலும் எல்லாரும் வந்து நிக்கிற தரை ஒண்ணுதானே.

இப்போ என்ன செய்யறோம்னு சொல்றேன். அதே இணையதளத்துல கீழே தள்ளிப் பார்த்தா 'நிகழ்ச்சியின் மொத்த அளவு'ன்னு இன்னொரு கட்டம் இருக்கு. அதுல 40 போட்டா, எந்த விலையில வித்தாலும் சேர்த்து 40 ஆனதும் எல்லா விலையும் ஒண்ணா நின்னுடும். குடும்ப டிக்கெட்டுக்கு 'ஒரு டிக்கெட்டுக்கு எத்தனை ஆள்'னு கேட்கிற இடத்துல 4 போடணும். மறந்தா அது ஒரே ஆளாத்தான் எண்ணும்.

சில இணையதளத்துல மொத்தக் கட்டம் இருக்காது. அங்க நாமே பிரிக்கணும். 18, 14, குடும்பம் 2, அதாவது 8 ஆள். கூட்டினா 40. இதுல ஒரு சங்கடம் உண்டு. குடும்ப டிக்கெட் போகாம 8 இடம் சும்மா கிடக்கும், 150 ரூபாய்க்கு வர்றவங்களுக்கு 'முடிந்தது'ன்னு காட்டும். அதனால தினமும் சாயங்காலம் பார்த்து, போகாத இடத்தை இந்தப் பக்கம் மாத்தணும். குறைச்சிட்டு அப்புறம் கூட்டணும், முதல்ல கூட்டினா நடுவுல வித்துடும். பணம் கட்டிட்டு இருக்கும்போது பாதியில நின்னுட்டவங்க இடமும் சில நிமிஷம் பிடிச்சே இருக்கும். அதைக் காலின்னு நினைச்சு போன்ல கேட்கிறவங்களுக்குக் கொடுத்துடாதீங்க.

இன்னொண்ணு. லாபம் சாப்பாட்டுலதான், 150 ரூபாய் டிக்கெட்டைப் பத்தோட நிறுத்துன்னு குழுவுல சிலர் சொன்னாங்க. எனக்கு மனசு வரலை. 2019ல ஜூலை 1லேர்ந்து ஆகஸ்ட் 16 வரைக்கும் 47 நாள் நம்ம வரதராஜப் பெருமாள் கோவில்ல அத்திவரதரைப் பார்த்தோமே, ஞாபகம் இருக்கா? பொது வரிசை, கட்டண டிக்கெட், பாஸ் எல்லாம் போய்ச் சேர்ந்தது அதே வசந்த மண்டபம்தான். பாஸ்ல ஒருத்தர் முன்னால போனா, பொது வரிசையில கைக்குழந்தையோட நிக்கிறவளுக்கு அவ்வளவு நேரம் கூடும். அந்த வரிசையில நின்ன நாமே இப்போ 150 ரூபாய்க்கு வர்ற காலேஜ் பொண்ணைத் தள்ளறதான்னு கேட்டேன். கடைசியில 150 ரூபாய்க்கு 20க்கு மேல வேண்டாம், சாப்பாட்டுக்கு 25 இலைக்கு மேல வேண்டாம், ரெண்டும் சேர்ந்து கூடம் தாங்கற அளவுக்கு மேல கண்டிப்பா வேண்டாம்னு தீர்மானப் புத்தகத்துல எழுதிட்டோம்.

அடுத்த நிகழ்ச்சி மாசி மாசம். ஆன்லைன்ல மொத்தம் 36தான் போட்டிருக்கேன். நாலு இடம் நம்ம கையில இருக்கு. உங்க குழுவுல யாராவது வந்து பார்த்துப் பழகிக்கணும்னா பத்து நாள் முன்னாடி எனக்குச் சொல்லுங்க. சொல்லாம வந்தா தெருவுலதான் நிக்க வைப்பேன், கோவிச்சுக்காதீங்க.