சக்கர நாற்காலி டாக்டர்

பூந்தமல்லியில் வேலூர் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களில் பலர் கையில் எக்ஸ்ரே கவர் இருக்கும். சிஎம்சி ஆஸ்பத்திரிக்குத்தான். அங்கே 1954-ல் இளம் டாக்டராக இருந்தவர் கொச்சிக்காரரான மேரி வர்கீஸ். ஒரு கார் விபத்து. முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வே போய்விட்டது.

பக்தியுள்ள கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். ஜெபித்தார். கால்கள் எழுந்து நடக்கவில்லை! விசுவாசம் என்றாலே அற்புதம் நடக்கவேண்டும் என்று நாம் கணக்குப் போடுகிறோம். அவருக்குக் கிடைத்தது வேறு: மறுநாளும் வேலைக்குப் போகும் துணிச்சல்.

அதே ஆஸ்பத்திரியின் அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் பால் பிராண்ட் வழிகாட்டினார். கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம் அல்லவா? தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைச் சக்கர நாற்காலியில் இருந்தே நிமிர்த்தினார் மேரி. டாக்டரே நாற்காலியில் வந்தால் நோயாளி எதைச் சொல்லிச் சலித்துக்கொள்வது?

பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். 1966-ல் வேலூரில் அதற்கென ஒரு நிலையம் தொடங்கியது. 1972-ல் பத்மஸ்ரீ. முதுகு ஒடிந்தவர்கள் கட்டிலிலிருந்து தாமாக நாற்காலிக்கு மாறவும், ஒரு தொழில் பழகவும் அங்கே இன்றும் பயிற்சி நடக்கிறது.