நாள்காட்டியில் இல்லாத திருவிழா



தீபாவளிக்கு விடுமுறை கிடைக்கும். பேராக்கில் தைப்பூசத்துக்கும் கிடைக்கும். ஆனால் கிள்ளானிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக நம் மாநிலத்துக்கு வண்டி கட்டி வரச் செய்யும் இன்னொரு நாள் உண்டு. நாள்காட்டியில் அதற்குச் சிவப்பு எழுத்து கிடையாது. தோட்டத்துக் கோயில் திருவிழாவைத்தான் சொல்கிறேன்.

வெளியூர்க்காரர்கள் அறிந்த ஈப்போவை முதலில் சொல்லிவிடுகிறேன். தைப்பூசத்தன்று புந்தோங் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து பால்குடமும் காவடியும் கிளம்பும். குனோங் சீரோவில், சுண்ணாம்புக்கல் மலையடியில் இருக்கும் கல்லுமலை சுப்பிரமணியர் கோயில் வரைக்கும் நடை. விடிவதற்கு முன்பே சாலை நிறைந்துவிடும். உறுமி மேளம் ஒரு பக்கம், தண்ணீர்ப் பந்தல் ஒரு பக்கம். நேர்ந்துகொண்ட சீனர்களும் பால்குடம் எடுத்து நம்மோடு நடப்பார்கள். புந்தோங் வரை வந்தவர்கள் கச்சாங் பூத்தே வாங்காமல் திரும்பமாட்டார்கள். எட்டயபுரத்துப் பக்கமிருந்து வந்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலை வறுத்து, முறுக்குச் சுட்டு, தாங்கள் வாழும் கம்பத்துக்கே கச்சாங் பூத்தே என்ற பெயரை வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். சித்ரா பௌர்ணமிக்குத் தெலுக் இந்தான் போனால் அங்கேயும் இப்படி ஊர் கொள்ளாத கூட்டம்.

இவையெல்லாம் பெரிய விழாக்கள். யார் வேண்டுமானாலும் போகலாம், போகவும் வேண்டும். ஆனால் இந்த மாநிலத்தில் தமிழர் எப்படி வாழ்ந்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசையிருந்தால், பெரிய சாலையை விட்டு மண்பாதையில் திரும்பித்தான் ஆக வேண்டும்.

பத்து காஜா பக்கம் கெல்லி கோட்டை இருக்கிறதே, பலர் பார்த்திருப்பீர்கள். கிந்தா கெல்லாஸ் ரப்பர் தோட்டத்தின் துரை, ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித், 1915 வாக்கில் தொடங்கிய மாளிகை அது. கட்டட வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் வந்தது. முதல் உலகப் போர் முடிகிற காலத்தில் உலகத்தையே உலுக்கிய விஷக் காய்ச்சல் அந்தத் தொழிலாளர்களில் பலரைக் கொண்டுபோனது. மிஞ்சியவர்கள் துரையிடம் போய், மாரியம்மனுக்கு ஒரு கோயில் வேண்டும் என்று கேட்டார்கள். அவரும் கட்டிக் கொடுத்தார். 1926-இல் அவர் லிஸ்பன் நகரில் இறந்துபோனார். மாளிகை கடைசிவரை முடியவில்லை. கோயில் இன்றும் இருக்கிறது. அதன் கூரையில் தெய்வச் சிலைகளோடு வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக ஒரு துரை நிற்கிறார். கோட்டையோடு திரும்பிவிடாதீர்கள், நேயர்களே. கொஞ்ச தூரம் தள்ளிப் போய் அந்தக் கோயிலையும் பாருங்கள்.  காய்ச்சலில் மாண்டவர்களால்தான் அந்தக் கோயில் வந்தது.

தோட்டம்தோறும் மாரியம்மன் வந்தது இப்படித்தான். அம்மை, மலேரியா, காலரா என்று சாவு வாசலிலேயே நின்ற காலம். தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குப் பக்கத்தில் ஒரு மரத்தடி, ஒரு கல், ஒரு வேல். காட்டு ஓரத்தில் காவலுக்கு முனியாண்டி. பிறகு தகரக் கொட்டகை, அதன் பிறகு கோபுரம். பல தோட்டங்களில் கோயில் வரியை மாதச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். மழை பெய்தால் பால் வெட்டு கிடையாது, கூலியும் கிடையாது. தீபாவளியோ மழை மாதத்தில் வரும். கையில் காசில்லாமல் கடன் சொல்லித் துணி எடுத்த வீடுகள் எத்தனையோ. திருவிழா அப்படியல்ல. ஆண்டு முழுக்கச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஊரே சேர்ந்து நடத்துவது. கரகம் லயம் லயமாக வரும். ஒவ்வொரு வாசலிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கும்பிடுவார்கள். கணக்கெழுதும் கிராணி வீடும் வேலை வாங்கும் மண்டோர் வீடும் பால் வெட்டுக்காரர் வீடும் அன்று ஒரே பந்தியில் சாப்பிட்டதா என்று கேட்டால், எல்லாத் தோட்டத்திலும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அதையும் மறைக்கக் கூடாது.

அப்புறம் தோட்டங்கள் கைமாறத் தொடங்கின. வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்றுவிட்டுக் கிளம்ப, வாங்கியவர்கள் நிலத்தைத் துண்டு போட்டார்கள். சுங்கை சிப்புட் மண்ணில் 1919-இல் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன், தொழிலாளரே தோட்டத்தை வாங்கட்டும் என்று 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டுகிறவர்கள் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு சேர்த்தார்கள். சில தோட்டங்கள் காப்பாற்றப்பட்டன. பெரும்பாலானவை தப்பவில்லை. ரப்பர் மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள், சில இடங்களில் வீடமைப்பு வந்தது. சனங்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குப் போனார்கள்.

போனவர்களுக்கு இன்று சொந்தத் தோட்டத்தில் வீடு இல்லை. தங்க ஒரு திண்ணைகூட இல்லை. கோயில் மட்டும் நிற்கிறது. அதனால்தான் திருவிழா. வேலைக்குப் போகிறவர்கள் வருவதற்குத் தோதாக, சனி ஞாயிறு பார்த்துத் தேதி வைக்கிறார்கள். செய்தி வாட்ஸ்அப்பில் பறக்கிறது. முதல் நாளே வந்து புல் வெட்டுகிறவர்கள், பந்தல் போடுகிறவர்கள், அண்டா தேய்க்கிறவர்கள் எல்லாரும் அங்கே பிறந்து வெளியூரில் வாழ்கிறவர்கள். லயம் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது, கரகம் அதைச் சுற்றி வருகிறது. ஒரு தாத்தா பேரனைக் கூட்டிக்கொண்டு போய், இங்கேதான் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டகை, இதுதான் ஆள் கணக்கெடுத்த பிரட்டுக் களம் என்று காட்டுகிறார். பையன் கண்ணுக்கு மரம்தான் தெரிகிறது. ஆனால் கேட்டுக்கொள்கிறான். ஒரு தோட்டம் ஆண்டில் இரண்டு நாள் மறுபடியும் தோட்டமாகிறது என்றால், அதற்காகத்தான் அத்தனை பேர் அத்தனை தூரம் வருகிறார்கள்.

எங்கே கேட்டு எப்படிப் போவது என்பீர்கள். உங்கள் அலுவலகத்தில், பக்கத்து வீட்டில், தோட்டத்தில் பிறந்தவர் ஒருவர் நிச்சயம் இருப்பார். எந்தத் தோட்டம், எத்தனையாவது மைல் கட்டை என்று கேளுங்கள். அழைக்காமல் இருக்கமாட்டார். போகும்போது கோயிலுக்கு ஒரு மூட்டை அரிசியோ எண்ணெயோ எடுத்துப் போங்கள். தீமிதியைப் படம் பிடிப்பதற்கு முன் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அருள் வந்து ஆடுகிறவர் முகத்துக்கு நேரே கைப்பேசியை நீட்டாதீர்கள். சாப்பிட்டு முடித்த கையோடு கிளம்பாமல், பந்தி பரிமாற ஒரு கை கொடுங்கள். பேச்சு அங்கேதான் வரும். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள்.

இன்னொன்று. இந்தக் கோயில்கள் பலவும் கம்பெனி நிலத்தில் நிற்பவை. நிலம் கைமாறினால் கோயிலையும் மாற்று என்ற பேச்சு வரும். அப்போது, இந்தக் கோயிலுக்கு யார் வருகிறார்கள் என்ற கேள்வியும் கூடவே வரும். திருவிழாவுக்கு வந்தவர்கள் பெயரையும் ஊரையும் கோயில் நிர்வாகம் ஒரு புத்தகத்தில் எழுதி வைக்கட்டும். புத்தகத்தை உங்களிடம் நீட்டினால், நீங்களும் உங்கள் பெயரை எழுதிவிட்டு வாருங்கள்.