சக்கரமின்றி மிதக்கும் வண்டி
(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரை)



பசுக்களுக்குச் சினை ஊசி போடுவதற்கான விந்துக் குச்சிகளைக் கால்நடை மருந்தகத்தில் ஒரு கலத்தில் வைத்திருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். மூடியைத் திறந்ததும் வெண்புகை போல் எழுகிறதே, அதனுள் இருப்பது திரவ நைட்ரஜன். அதன் குளிர், பூஜ்யத்துக்குக் கீழ் 196 டிகிரி சென்டிகிரேட். சக்கரமே இல்லாமல் மிதந்து ஓடும் ஒரு வண்டிக்கும் இத்திரவமே ஆதாரமாகியிருக்கிறது.

சில பொருள்களை மிகவும் குளிர்வித்தால் அவை மின்சாரத்தைச் சிறிதும் தடுப்பதில்லை. இவற்றை மீக்கடத்திகள் என்பர். 1911ஆம் ஆண்டில் ஹாலந்து விஞ்ஞானி காமர்லிங் ஆன்னஸ் இவ்வியல்பைப் பாதரசத்தில் கண்டார். ஆயினும் அதற்குப் பூஜ்யத்துக்குக் கீழ் 269 டிகிரிக் குளிரும், விலைமிகுந்த திரவ ஹீலியமும் வேண்டியிருந்தன. 1986இல் பெட்நார்ஸ், முல்லர் என்னும் இருவர் ஸ்விட்ஸர்லாந்தில் புதுவகை மீக்கடத்தியைக் கண்டனர். மறு ஆண்டே, யிட்ரியம், பேரியம், செம்பு, ஆக்ஸிஜன் ஆகியவை சேர்ந்த பீங்கான் போன்ற பொருளுக்குத் திரவ நைட்ரஜனே போதும் என்பது தெரிந்தது. காற்றில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன் ஆதலால் அதற்குப் பஞ்சமில்லை.

இப்பொருளைக் காந்தத்தின்மேல் வைத்துக் குளிர்வித்தால், காந்த விசை அதனுள் ஆணியடித்தாற்போல் பிடிபட்டுவிடுகிறது. ஆகவே அது கீழே விழுவதுமில்லை, பக்கவாட்டில் நழுவுவதுமில்லை. சீனாவின் ஷாங்காய் நகரில் 2004 முதல் பயணிகளை ஏற்றிச் செல்லும் காந்த ரயிலுக்கு, மிதப்பதற்கே மின்சாரமும் உயரத்தைக் கணந்தோறும் திருத்தும் கருவிகளும் வேண்டும். மீக்கடத்தி வண்டியோ அவையின்றி நின்ற இடத்திலேயே மிதக்கும். முன்னே செல்லத்தான் மின்சாரம் வேண்டும்.

அதே நாட்டின் செங்டு நகரிலுள்ள தென்மேற்கு ஜியாவோடாங் பல்கலைக்கழகத்தார், மனிதரைச் சுமந்து மிதக்கும் இவ்வகைச் சோதனை வண்டியை 2000ஆம் ஆண்டில் முதன்முதலாகச் செய்தனர். 2021 ஜனவரியில், மணிக்கு 620 கிலோமீட்டர் வேகத்துக்கென வகுத்த மாதிரி வண்டியொன்றை உலகுக்குக் காட்டினர். அதற்கென இட்ட பாதையின் நீளமோ 165 மீட்டரே!

நெடும்பாதை இடுவது ஏன் எளிதன்று? வழிநெடுகிலும் நியோடிமியம் கலந்த வலிய காந்தங்களைப் பதித்தாக வேண்டும். மிதப்பதற்கு மின்செலவு இல்லை. ஆனால் பாதைக்குப் பெருஞ்செலவு உண்டு. "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்ற பழமொழி இங்கே பொருந்தும்.

ஆகவே, புதிய யந்திரம் எதைப்பற்றிக் கேள்விப்பட்டாலும் அதன் வேகத்தை வியப்பதோடு நில்லாமல், அதன் பாதைக்கு என்ன ஆகும், பராமரிப்பு யார் பொறுப்பு என்றும் கேட்போமாக. நம் பஞ்சாயத்தில் ஒரு பம்புசெட்டுக்குத் தீர்மானம் நிறைவேற்றும்போதும் இக்கேள்விகளே நம் பணத்தைக் காக்கும்.