பச்சைச் சாணமும் ஒரு வாளி மண்புழுவும்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

‘மண்புழு உழவனின் நண்பன்’ என்று பதினெட்டு ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிப்போட்டவன் நான். ஒரு புழுவையாவது வளர்த்தேனா என்றால், இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் வீட்டு மாடியில் பழைய பிளாஸ்டிக் வாளி ஒன்றில் தொடங்கினேன். அடியில் துளைகள், மேலே ஓட்டுச்சில்லு, தேங்காய் நார், அதன்மேல் அன்று காலை அள்ளிய சாணம். அரைக் கிலோ புழு விட்டேன். மூன்றாம் நாள் பாதி விளிம்பேறித் தப்பப் பார்த்தன. மீதி செத்துக் கிடந்தன.

வெட்கமாக இருந்தாலும் வாளியை அப்படியே எட்டாம் வகுப்புக்குக் கொண்டுபோனேன். கேள்வி கேட்டால் தலைகுனிந்து நிற்கும் கடைசி வரிசைப் பையன் ஒருவன் எழுந்து வந்து உள்ளே கையை விட்டான். “சார், சூடா இருக்கு. பச்சைச் சாணி போட்டீங்களா? ஆற வெச்சுத்தான் போடணும்.”

அவன் சொன்னதே சரி. பச்சைச் சாணம் நொதிக்கும்போது வெப்பமும் அம்மோனியாவும் வெளிவரும். புழுவோ தோலால் மூச்சுவிடும் உயிர். பதினைந்து இருபது நாள் நிழலில் ஆறவிட்ட சாணம்தான் அதற்கு ஏற்றது. புழுவும் தோட்டத்தில் ஆழத்தில் வாழும் வகை ஆகாது. ஐசீனியா ஃபெடிடா, யூட்ரிலஸ் யூஜினியே போல மேல்மட்டக் குப்பையில் வாழ்பவையே வேண்டும்.

இரண்டாவது வாளி பள்ளியிலேயே, வேப்ப மர நிழலில். பொறுப்பு அவனுடையது. சத்துணவுக் கூடத்துக் காய்கறித் தோல், நொறுக்கிய முட்டை ஓடு, காய்ந்த இலை போடுவான். மிஞ்சிய சாம்பார் சாதத்தை நான் கொட்டப் போனபோது தடுத்துவிட்டான்: உப்பும் எண்ணெயும் ஆகாதாம். ஒரு பிடி எடுத்துப் பிழிந்து, ஓரிரு சொட்டு வந்தால் ஈரம் போதும் என்பான். எறும்புக்குத் தண்ணீர்த் தட்டில் செங்கல் வைத்து, அதன்மேல் வாளியை ஏற்றினான். நாற்றம் வந்தால் தீனி அதிகம், காய்ந்த இலை போடு என்பது அவன் சட்டம்.

இரண்டு மாதத்தில் தேயிலைத் தூள்போல எரு வந்தது. நான்கு நாள் தண்ணீரை நிறுத்தி, வெளிச்சத்தில் குவித்தால் புழு அடியில் இறங்கிவிடும். மேலாக அள்ளிச் சலிக்கலாம்.

மதிப்பெண் கூடியதா என்று கேட்பீர்கள். பெரிதாக இல்லை. ஆனால், வாரம் இரண்டு நாள் வராதவன் சனிக்கிழமையும் தண்ணீர் தெளிக்க வந்தான். கோடை விடுமுறையில் வாளி அவன் வீட்டுக்குப் போனது.

புழு வேண்டுவோர் தேநீர் இடைவேளையில் என்னிடம் வாருங்கள். நனைத்த சாக்கில்தான் தருவேன். பாலித்தீன் பையில் கட்டினால் ஊர் போய்ச் சேராது.