பாதியில் படிப்பு மாறுகிறவர்களுக்கு ஒரு கணக்கு

(கொல்லிமலை செம்மேட்டில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு 'வேலைவாய்ப்பு'. அதைப் பற்றிப் பேச நம்மில் பலர் இருக்கிறார்கள். நான் வேறு ஒன்றைப் பேச அவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். நம் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் படிக்கும் தம்பி ஒருவர் போன மாதம் என்னைப் பார்க்க வந்தார். இந்த மலைக்காரர்தான். அப்பாவுக்குக் கொஞ்சம் குச்சிக்கிழங்கு, கொஞ்சம் மிளகு. தம்பி 1500 மீட்டர் ஓடுகிறவர். "அண்ணா, எனக்குக் கினிசியாலஜி படிக்கணும். இங்கிருந்து மாறிப்போக முடியுமா? படிச்ச ரெண்டு வருஷம் வீணாகாம இருக்குமா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்லப்போகிறேன். மாற நினைப்பவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை என்று பேராசிரியர்கள் சொல்கிறார்கள்.

கினிசியாலஜி என்றால் என்ன என்று சிலர் முகத்தில் கேள்வி தெரிகிறது. நேற்று ஆகாய கங்கைக்கு இறங்கினீர்களே, ஆயிரம் படிக்கு மேல். ஏறும்போது மூச்சு வாங்கியது, சரி. ஆனால் இறங்கும்போதே முழங்கால் நடுங்கியது ஏன்? இறங்கும் ஒவ்வொரு படியிலும் தொடையின் முன்பக்கத் தசை, நீண்டுகொண்டே உங்கள் உடம்பின் எடையைப் பிரேக் போட்டுப் பிடிக்கிறது. இப்படி நீண்டபடி வேலை செய்யும் தசைதான் மறுநாள் அதிகம் வலிக்கும். இன்று காலை நாற்காலியிலிருந்து எழுந்தபோது "அம்மா" என்றவர்கள் கைதூக்க வேண்டாம், எனக்கே தெரியும். இந்த மாதிரி உடல் அசைவை உடற்கூறு, உடலியங்கியல், இயற்பியல் மூன்றையும் வைத்து ஆராய்வதுதான் கினிசியாலஜி. தமிழில் உடலியக்கவியல்.

நம் ஊருக்கு இது முற்றிலும் புதிதும் அல்ல. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இன்றும் நந்தனத்தில் நடக்கிறது. உடற்கல்விக்கென்றே தமிழக அரசு 2004-இல் சட்டம் இயற்றி ஒரு பல்கலைக்கழகம் கண்டது. அமெரிக்காவில் உடற்கல்வித் துறைகள் பல தங்கள் பெயரையே கினிசியாலஜி என்று மாற்றிக்கொண்டன. அங்குள்ள உடற்கல்வி அறிஞர் பேரவை 1989-இல் அந்தப் பெயரைப் பரிந்துரைத்தது. நம் நாட்டில் இளநிலையில் அந்தப் பெயரைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. பிசியோதெரபிக்குள்ளும் உடற்கல்விப் பட்டத்துக்குள்ளும் ஒரு பாடமாக இருக்கும். பெயரைத் தேடாதீர்கள், பாடத்திட்டத்தைத் தேடுங்கள்.

இனி கணக்குக்கு வருகிறேன். கல்லூரி மாறுகிறவர்கள் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கிரெடிட் ஏத்துக்குவாங்க?" கேள்வி தப்பில்லை, ஆனால் அது இரண்டாவது கேள்வி. ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மணல், ஜல்லி, டைல்ஸ் எல்லாம் வந்து இறங்கிவிட்டது. பணத்தில் பாதிக்கு மேல் செலவாகிவிட்டது. அதனால் பாதிக் கட்டடம் முடிந்தது என்று சொல்வோமா? அஸ்திவாரம், தூண், கூரை, பூச்சு என்று ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக வேண்டிய வரிசை ஒன்று இருக்கிறது. ஆளைக் கூட்டினாலும் அந்த வரிசை குறையாது. நாம் மூன்றாம் ஆண்டில் படித்த கிரிட்டிக்கல் பாத் இதுதான். தேர்வுக்குப் பிறகு பலர் மறந்துவிட்டோம், வேலையில் சேர்ந்த பிறகு அதுதான் சோறு போடுகிறது.

பட்டப்படிப்புக்கும் அப்படி ஒரு வரிசை உண்டு. கலிபோர்னியாவை உதாரணமாக எடுக்கிறேன், அங்கே இதை எழுத்தில் ஒழுங்காக வைத்திருக்கிறார்கள். 2010-இல் வந்த ஒரு சட்டப்படி, சமுதாயக் கல்லூரியில் 60 யூனிட் முடித்து, மாறிப்போவதற்கென்றே வகுத்த பட்டத்தை வாங்கினால், மாநிலப் பல்கலைக்கழகத்தில் மீதி 60 யூனிட்டில் பட்டம் முடிக்கலாம். கினிசியாலஜிக்கும் அப்படி ஒரு பட்டம் உண்டு. அதன் உள்ளே பார்த்தால் கினிசியாலஜி அறிமுகம், ஆய்வகத்தோடு உடற்கூறியல், ஆய்வகத்தோடு உடலியங்கியல், சில விளையாட்டு வகுப்புகள், அப்புறம் புள்ளியியல், வேதியியல், இயற்பியல் போன்றவற்றிலிருந்து சில.

இப்போது ஒருவர் வரலாறு, ஆங்கிலம், கணக்கு என்று 60 யூனிட் சேர்த்து, அந்த மாற்றப் பட்டம் இல்லாமலே போகிறார் என்று வையுங்கள். செமஸ்டருக்கு 15 என்றால் மீதி 60-க்கு 4 செமஸ்டர். காகிதத்தில் சரி. ஆனால் அவர் சேரும் இடத்தில் உயிரியல் முடித்தால்தான் உடற்கூறியல், அதன்பின் உடலியங்கியல், அதன்பின் உடற்பயிற்சி உடலியங்கியல், அதன்பின்தான் களப்பயிற்சி என்று நிபந்தனை இருந்தால்? ஐந்து படி, ஐந்து செமஸ்டர். 60 யூனிட் கையில் இருந்தும் ஒரு செமஸ்டர் கூடுதல். அதில் ஒரு பாடம் வருடத்துக்கு ஒருமுறைதான் நடத்துகிறார்கள் என்றால் இன்னும் தள்ளிப்போகும். ஆகவே கடைசிப் பாடத்திலிருந்து பின்னோக்கி வரைந்துகொண்டு வாருங்கள். நீளமான சங்கிலி எதுவோ அதுதான் உங்கள் படிப்பின் காலம். கிரெடிட் எண்ணிக்கை அதற்குப் பிறகு.

நம் நாட்டிலும் 2021 முதல் கிரெடிட் வங்கி இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. அது உங்கள் கிரெடிட்டைப் பத்திரமாக வைத்திருக்கும். இன்னொரு பல்கலைக்கழகம் அதைத் தன் பாடத்துக்கு ஈடாக எடுத்துக்கொள்ளுமா என்பது அந்தப் பல்கலைக்கழகத்தின் கையில். வங்கியில் பணம் இருப்பதாலேயே கடைக்காரர் பொருளைக் கொடுத்துவிடுவாரா?

நம் தம்பியின் கதைக்கு வருவோம். அவர் பிளஸ் டூவில் எடுத்தது கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரிவு. உயிரியல் இல்லை. பிசியோதெரபிக்கு உயிரியல் வேண்டும். அந்தக் கதவு மூடியாயிற்று. உயிரியல் படித்திருந்தாலும் முதலாண்டிலிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும். டிப்ளமோ முடித்தவர் நேராக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேருகிற மாதிரி, பி.இ.யிலிருந்து அங்கே நுழைய வழியில்லை. இளநிலை உடற்கல்விப் பட்டத்துக்குப் போகலாம், அதுவும் முதலிலிருந்து.

அதைவிடப் பெரிய சங்கதி உதவித்தொகை. பழங்குடி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் விதிகளில், அரசின் முன் அனுமதி இல்லாமல் பாடத்தையோ கல்லூரியையோ மாற்றினால் தொகை ரத்தாகலாம் என்று இருக்கிறது. ஒரு பட்டம் முடித்துவிட்டு அதே நிலையில் இன்னொரு பாடம் படித்தாலும் கிடைக்காது என்றும் இருக்கிறது. டி.சி. வாங்க ஒரு நாள் போதும். வாங்கிய பிறகு அனுமதி கேட்டு அலைவது வேறு. அந்தக் குடும்பத்தால் கட்டணத்தைக் கையிலிருந்து கட்ட முடியாது. ஆகவே எழுத்தில் அனுமதி முதலில், டி.சி. பிறகு. இதை மட்டும் நினைவில் வைத்தாலும் போதும்.

என் அபிப்பிராயம், அவர் பி.இ.யை முடிக்கட்டும். ஏன் என்றால் அந்தப் பக்கத்தில் கதவுகள் திறந்தே இருக்கின்றன. இரண்டு வருட பி.பி.எட். படிப்புக்கு எந்தப் பட்டமும் செல்லும். 50 சதவீத மதிப்பெண்ணும் போட்டிகளில் கலந்துகொண்ட சான்றும் வேண்டும். அதனால் இந்த மூன்று வருடமும் கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் ஓடுவதை விடக்கூடாது, சான்றிதழை மிளகு மூட்டையோடு பரணில் போட்டுவிடவும் கூடாது. இன்னொரு பக்கம் பயோமெக்கானிக்ஸ். அசைவு, விசை, நெம்புகோல் எல்லாம் நாம் படித்ததுதான். சென்னை ஐ.ஐ.டி.யில் 2019-இல் வெளியிட்ட 'அரைஸ்' என்ற சக்கர நாற்காலி, உட்கார்ந்திருப்பவரை நிற்க வைக்கிறது. மனித உடம்பு எப்படி எழுந்து நிற்கிறது என்பது தெரிந்த பொறியாளர்கள் இல்லாமல் அதைச் செய்திருக்க முடியாது. இந்த மாதிரி முதுநிலைப் படிப்புக்கு, ஆராய்ச்சிக்கு அவர் மெக்கானிக்கல் பட்டத்தோடேயே போகலாம். உடற்கூறியல் மட்டும் குறை. அதை இப்போதே விடுமுறையில் தொடங்கலாம்.

மாறுவதோ இல்லையோ, எல்லாத் தம்பிகளும் தங்கைகளும் ஒன்று செய்யுங்கள். ஒவ்வொரு செமஸ்டர் பாடத்திட்டத்தையும், ஆய்வக மணி நேரத்தோடு, ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். பின்னால் எந்த ஊர்ப் பல்கலைக்கழகம் ஈடு பார்த்தாலும் மதிப்பெண் பட்டியல் போதாது, பாடத்தில் என்ன இருந்தது என்று கேட்பார்கள். ரெகுலேஷன் மாறிய பிறகு பழைய பாடத்திட்டத்தைத் தேடி அலுவலகத்தில் நிற்கும் நண்பர்கள் சிலர் இந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

தம்பி இன்னும் முடிவு சொல்லவில்லை. பி.இ. வேண்டாம், முதலிலிருந்தே உடற்கல்வி என்று அவர் சொன்னால் அதையும் மதிக்கத்தான் வேண்டும். ஓடப்போவது அவர் கால். வருகிற புதன்கிழமை அப்பாவை அழைத்துக்கொண்டு நாமக்கல்லில் நலத்துறை அலுவலகத்துக்கு வருகிறார். அடிவாரத்தில் நான் காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறேன். விண்ணப்பம் எழுதத் தெரிந்த மூத்தவர்கள் யாராவது கூட வந்தால் நல்லது.